கடிதம் காட்டும் வழியில் போக வேண்டாம்

2016ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் தேதி, அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளிண்டனின் பிரசாரக் குழுத் தலைவராக இருந்த ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயில் கணக்குக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் கடவுச்சொல்லைக் கொண்டு யாரோ உங்கள் கணக்கில் நுழைய முயன்றிருக்கிறார்கள், அந்த முயற்சி உக்ரைனிலிருந்து நடந்திருக்கிறது, கூகுள் அதைத் தடுத்துவிட்டது, நீங்கள் உடனடியாகக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று அது சொன்னது. முயற்சி நடந்த நேரம் நொடிவரைக்கும் குறிக்கப்பட்டிருந்தது. நுழைய முயன்ற கணினியின் ஐபி எண்ணும் தரப்பட்டிருந்தது. அனுப்புநர் இடத்தில் கூகுளின் பெயர், முடிவில் ஜிமெயில் குழுவின் கையொப்பம், நடுவில் 'கடவுச்சொல்லை மாற்று' என்று ஒரு பொத்தான். கூகுள் உண்மையிலேயே அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படியே அது இருந்தது.

அவருடைய அலுவலகத்தில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவில்லை. சந்தேகம் வந்து, கடிதத்தைப் பிரசாரக் குழுவின் கணினி உதவிப் பிரிவுக்கு அனுப்பிக் கேட்டார்கள். இது உண்மையான கடிதம்தான், உடனே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், இருபடிச் சரிபார்ப்பையும் இயக்கிவைக்க வேண்டும் என்று அங்கிருந்து பதில் வந்தது. போலி என்று எழுத நினைத்த இடத்தில் தட்டச்சுப் பிழையால் பொருள் தலைகீழாகிவிட்டது என்று பதில் எழுதியவர் பின்னாளில் விளக்கினார். கடிதத்திலிருந்த பொத்தான் அழுத்தப்பட்டது. 50,000க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் திருடப்பட்டன. அக்டோபர் 7ஆம் தேதி முதல் அவை விக்கிலீக்ஸ் தளத்தில் தொடர்ச்சியாக வெளியாயின. 2018 ஜூலையில் ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் 12 அதிகாரிகள்மீது அமெரிக்க நீதித்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தபோது, இந்தக் கடிதமும் அதில் இடம்பெற்றது.

இந்தச் சம்பவத்தைப் பேசுபவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு சொல்லின் பிழையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதே பதிலில் அந்தப் பணியாளர் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்கான சரியான முகவரியையும் எழுதிக் கொடுத்திருந்தார் என்பதுதான். அந்த முகவரிக்குப் போய்க் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், கடிதத்தை உண்மை என்று முழுமையாக நம்பியிருந்தாலும் ஒரு தீங்கும் நேர்ந்திருக்காது. கடிதம் உண்மையா பொய்யா என்ற தீர்ப்பு தவறாக இருந்தது. ஆனால் கணக்கு பறிபோனதற்குக் காரணம், கடிதம் காட்டிய வழியிலேயே போனதுதான். போலி மின்னஞ்சலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். உங்கள் வங்கிக் கணக்கில் ஏதோ கோளாறு என்று ஒரு கடிதம் சொன்னால், அதை மூடிவைத்துவிட்டு, வங்கியின் செயலியை நீங்களே திறந்து பாருங்கள். கோளாறு உண்மையென்றால் அது அங்கேயும் தெரியும். தெரியவில்லை என்றால், அந்தக் கடிதத்தை ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டிய தேவையே இல்லை.

இருந்தாலும் முகவரியைப் படிக்கத் தெரிந்திருப்பது அவசியம். எல்லா நேரத்திலும் எல்லாரும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்க மாட்டார்கள், அவசரத்தில் கை முந்திக்கொள்ளும். பொடெஸ்டாவுக்கு வந்த பொத்தானின் பின்னால் இருந்தது பிட்.லி சேவையில் சுருக்கப்பட்ட ஒரு லிங்க். அதை அழுத்தினால் திறந்த பக்கத்தின் முகவரியைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்: மைஅக்கவுண்ட்.கூகுள்.காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே. அதற்குப் பிறகு ஒரு சாய்கோடு, அதற்கும் பிறகு பாதுகாப்பு, கடவுச்சொல் என்று பொருள்படும் சொற்கள், இன்னும் நீளமாக ஏதேதோ. இடப்பக்கமிருந்து படிக்கும் கண் 'மைஅக்கவுண்ட்.கூகுள்.காம்' என்பதைப் பார்த்ததும் நிம்மதியடைந்துவிடும். எழுதியவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

இணைய முகவரியின் உரிமையாளர் யார் என்று அறிய வேண்டுமானால், தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படித்துக்கொண்டு வர வேண்டும். புள்ளிகளால் பிரிக்கப்பட்ட துண்டுகளில் கடைசித் துண்டும் அதற்கு முந்தைய துண்டும் சேர்ந்ததுதான் ஒருவர் தன் பெயரில் பதிவு செய்திருக்கும் டொமைன். அதற்கு இடப்பக்கத்தில் இருப்பவை எல்லாம் அந்த உரிமையாளர் தன் விருப்பப்படி சேர்த்துக்கொண்ட பெயர்கள். சாய்கோட்டுக்கு வலப்பக்கத்தில் இருப்பவையும் அப்படித்தான். தன் வீட்டு அறை ஒன்றின் மேல் 'மாவட்ட ஆட்சியர் அலுவலகம்' என்று பலகை எழுதி மாட்டிக்கொள்ள யாராலும் முடியும். வீடு யாருடையது என்பதைப் பத்திரம்தான் சொல்லும். பொடெஸ்டாவுக்கு வந்த முகவரியை இந்த முறையில் படித்தால் முதலில் கிடைப்பது 'டிகே', அதாவது பசிபிக் கடலிலுள்ள டோக்கலாவ் தீவுகளுக்குரிய முடிவு. அந்தக் காலத்தில் இந்த முடிவில் பெயர்களைக் காசில்லாமலே பதிவு செய்ய முடிந்தது. அதற்கு முந்தைய துண்டு 'காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்'. 'காம்' என்பதற்குப் பின்னால் வந்தது சாய்கோடு அல்ல, சிறுகோடு. கூகுளுக்கும் அந்தப் பக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதற்கு அந்தச் சிறுகோடு ஒன்றே போதுமான சாட்சி.

இந்திய முகவரிகளில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கோ.இன்', 'கவ்.இன்', 'பேங்க்.இன்' ஆகியவை இரண்டு துண்டுகளாக இருந்தாலும் ஒரே முடிவாகக் கொள்ளப்பட வேண்டியவை. உரிமையாளரின் பெயர் அதற்கும் இடப்பக்கத்தில் மூன்றாவது துண்டாக இருக்கும். இவற்றுள் 'கவ்.இன்' என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. 'பேங்க்.இன்' இன்னும் புதியது. போலி வங்கித் தளங்கள் பெருகுவதைக் கண்ட ரிசர்வ் வங்கி, இந்திய வங்கிகளுக்கென்றே இந்த முடிவைக் கொண்டுவரப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்து, அந்த ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதிக்குள் வங்கிகள் அனைத்தும் இதற்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தது. ஹைதராபாதில் உள்ள ஐடிஆர்பிடி என்ற, ரிசர்வ் வங்கி நிறுவிய அமைப்பு மட்டுமே இதைப் பதிவு செய்து தரும்; வங்கி அல்லாத எவருக்கும் இது கிடைக்காது. இதனால்தான் ஸ்டேட் வங்கியின் முகவரி இப்போது 'எஸ்பிஐ.பேங்க்.இன்' என்று முடிகிறது. இந்த ஏற்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன், ஏனென்றால் பொதுமக்கள் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய ஓர் அடையாளத்தை இது முதன்முறையாகத் தருகிறது. ஆனால் அந்த அடையாளத்தின் உயிர் ஒரு புள்ளியில் இருக்கிறது. 'பேங்க்' என்பதற்கு முன்னால் புள்ளி இருக்கிறதா, சிறுகோடு இருக்கிறதா, அல்லது ஒன்றுமே இல்லாமல் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு வங்கியின் பெயரை எழுதி, சிறுகோடிட்டு, 'பேங்க்.இன்' என்று முடித்தால், அது யார் வேண்டுமானாலும் பதிவு செய்யக்கூடிய சாதாரண 'இன்' முகவரிதான்.

எல்லா நிறுவனங்களுக்கும் இத்தகைய வேலி இல்லை. தமிழ்நாட்டில் மின்கட்டணம் செலுத்தும் தளமே 'டிஎன்பிடிசிஎல்.ஆர்க்' என்று முடிகிறது. 'ஆர்க்' என்ற முடிவை உலகில் எவர் வேண்டுமானாலும் வாங்கலாம். 'இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும்' என்ற குறுஞ்செய்தி சில ஆண்டுகளுக்கு முன் வீடு வீடாக வந்தபோது பலர் பதறியதற்கு, வாரியத்தின் உண்மையான முகவரி எது என்பது மனத்தில் பதியாமல் இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தச் செய்தியில் பெரும்பாலும் லிங்கே இருக்காது. மின்வாரிய அதிகாரி என்று ஒரு கைபேசி எண் மட்டும் இருக்கும். அழைத்தால், திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள், பிறகு 'சரிபார்ப்புக்காக' பத்து ரூபாய் கட்டச் சொல்வார்கள், அந்தப் பத்து ரூபாயைக் கட்டும்போது நாம் தட்டும் எண்கள் அனைத்தும் அவர்கள் பார்வையில் இருக்கும். இதற்கு எதிரான எளிய சோதனை ஒன்று உண்டு. வங்கியோ அரசுத் துறையோ பதிவு செய்த எழுத்துப் பெயரிலிருந்துதான் குறுஞ்செய்தி அனுப்பும். பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து அனுப்பாது.

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் மாதங்களில் வரும் போலிக் கடிதங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றின் தந்திரம் நுட்பமானது. 2023இல் பரவலாகச் சுற்றிய, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு போலி என்று அறிவித்த ஒரு செய்தி இப்படிப் போகிறது: உங்களுக்கு 15,490 ரூபாய் வரித் திருப்புத்தொகை அனுமதிக்கப்பட்டுள்ளது, விரைவில் கணக்கில் வரவு வைக்கப்படும், உங்கள் கணக்கு எண் இதுதானா என்று சரிபார்க்கவும், தவறாக இருந்தால் கீழே உள்ள லிங்கில் திருத்தவும். அதில் காட்டப்படும் கணக்கு எண், நடு இலக்கங்கள் மறைக்கப்பட்ட நிலையில், படிப்பவருடையதாக இருக்காது. அந்தத் தவறுதான் பொறி. நமக்கு வர வேண்டிய பணம் வேறு யாருடைய கணக்குக்கோ போகப்போகிறது என்ற பதற்றத்தில், யாரும் கேட்காமலே நாமாகவே முன்வந்து சரியான எண்ணைத் தருவோம். தொகையும் முழு எண்ணாக இல்லாமல் 15,490 என்று இருப்பதால், யாரோ கணக்கிட்டு எழுதியது போலத் தோன்றும்.

ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா, இதே வகையில் வந்த ஒரு மின்னஞ்சலைப் பற்றிக் கேட்பதற்காகக் கூப்பிட்டார். "ரீஃபண்டு வந்திருக்குன்னு போட்டிருக்கு, அக்கவுண்ட் நம்பர் தப்பா இருக்கே, திருத்திக் குடுத்துரலாமாப்பா?" என்றார். "தொடாதீங்க பெரியப்பா, அந்த லிங்க் மேல விரலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க, ஒரு முகவரி வரும், அதைப் படிங்க" என்றேன். கைபேசியில் லிங்கைத் தட்டாமல் அழுத்திப் பிடித்தால், அது எங்கே கொண்டுபோகும் என்பது ஒரு சிறு பெட்டியில் தெரியும். கணினியில் சுட்டெலியின் முனையை அதன்மேல் வைத்தால் திரையின் அடியில் தெரியும். அவர் ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். 'இன்கம்டாக்ஸ்' என்ற சொல் அதில் இருந்தது, 'கவ்' என்பதும் இருந்தது, ஆனால் அவற்றுக்குப் பிறகும் முகவரி நீண்டு, பொருளற்ற ஏதோ ஒரு பெயரில் போய் முடிந்தது. வருமான வரித் துறையின் தளம் 'இன்கம்டாக்ஸ்.கவ்.இன்' என்பதில் முடியும், அதற்குப் பின்னால் சாய்கோடு மட்டுமே வரலாம் என்று சொன்னதும், மறுமுனையில் ஒரு கணக்காசிரியருக்கே உரிய திருப்தியுடன் "அப்ப கடைசியிலிருந்துதான் பாக்கணும்" என்றார். இன்னொன்றும் அவருக்குச் சொன்னேன்: திருப்புத்தொகை, துறையின் தளத்தில் நாம் ஏற்கெனவே பதிந்து சரிபார்த்து வைத்திருக்கும் வங்கிக் கணக்குக்கு மட்டுமே வரும், அதற்காக மின்னஞ்சலில் கணக்கு விவரத்தையோ, அட்டை எண்ணையோ, கடவுச்சொல்லையோ துறை ஒருபோதும் கேட்பதில்லை.

கைபேசித் திரை சிறியது என்பது மோசடிக்காரர்களுக்குப் பெரிய வசதி. பல மின்னஞ்சல் செயலிகள் அனுப்புநரின் பெயரை மட்டும் காட்டி, முகவரியை மறைத்துவிடுகின்றன. அந்தப் பெயரை அனுப்புபவர் என்னவாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டு விரித்தால்தான் அதன் பின்னாலுள்ள முகவரி தெரியும். அந்த முகவரி அந்நியமாக இருந்தால் கடிதத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் சரியாக இருப்பதாலேயே கடிதம் உண்மை என்று சொல்லிவிட முடியாது. பொடெஸ்டாவுக்கு வந்த கடிதத்தில் அனுப்புநர் முகவரியாகக் கூகுளுக்குச் சொந்தமான டொமைன்தான் தெரிந்தது. அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதுவதைத் தடுக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற சோதனைகள் இன்று பெரிய அஞ்சல் சேவைகளில் இருக்கின்றன. அவையும் கடிதம் எந்த டொமைனிலிருந்து வந்தது என்பதைத்தான் உறுதி செய்யும், அந்த டொமைனின் சொந்தக்காரர் யோக்கியரா என்பதை அல்ல.

பழைய அறிவுரைகளில் சிலவற்றை இனி சொல்லாமல் இருப்பதே நல்லது என்று கருதுகிறேன். பூட்டுப் படம் இருந்தால் தளம் பாதுகாப்பானது என்பது அவற்றில் ஒன்று. அந்தப் பூட்டு, நம் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே குறித்தது. மறுமுனையில் இருப்பவர் திருடராக இருந்தாலும் பூட்டு இருக்கும். இதற்கான சான்றிதழ் இப்போது இலவசமாகவே கிடைப்பதால் போலித் தளங்களும் அதை வைத்திருக்கின்றன. மக்கள் பூட்டைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே கூகுள், 2023 செப்டம்பரில் குரோம் பிரவுசரிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டது. எழுத்துப்பிழை இருந்தால் போலி என்பது மற்றொன்று. பிழை ஒருமுறை பெரும் பணத்தைக் காப்பாற்றியது உண்மைதான். வேலைக்கு விண்ணப்பிப்பது போல வந்த மின்னஞ்சல்கள் மூலம் வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் நுழைந்த கும்பல், 2016 பிப்ரவரியில் ஏறத்தாழ 95 கோடி டாலரை வெளியே அனுப்ப உத்தரவுகள் பிறப்பித்தது, அதில் 8.1 கோடி டாலர் பிலிப்பீன்ஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் இலங்கையிலுள்ள ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பிய 2 கோடி டாலர், 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் 'ஃபேண்டேஷன்' என்று இருந்ததைக் கவனித்த இடைநிலை வங்கி விளக்கம் கேட்டதால் நின்றுபோனது. அன்றைக்குப் பிழை இருந்தது. இன்று எந்த மொழியிலும் பிழையில்லாமல் எழுதித்தரும் மென்பொருள் எல்லார் கையிலும் இருக்கிறது, தமிழ் உட்பட. பிழையில்லாத கடிதத்தைப் பார்த்து நம்பிக்கை கொள்பவர்களுக்கு இந்தப் பழைய அறிவுரையே ஆபத்தாகிவிடும்.

கண்ணால் படித்தே கண்டுபிடிக்க முடியாத முகவரிகளும் உண்டு. ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஆர், என் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் எம் போலத் தெரியும். இதைவிடக் கடுமையானது பிற மொழி எழுத்துகளைப் பயன்படுத்துவது: 2017 ஏப்ரலில் ஓர் ஆய்வாளர், ரஷ்ய மொழி முதலியவற்றில் வழங்கும் சிரிலிக் எழுத்துகளை மட்டுமே கொண்டு, பார்வைக்கு ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலவே தோன்றும் ஒரு டொமைனைப் பதிவு செய்து காட்டினார். குரோம் அடுத்த பதிப்பிலேயே அதைத் திருத்தியது. இத்தகைய இடங்களில் மனிதக் கண்ணைவிடக் கடவுச்சொல் மேலாளர் செயலி நம்பத்தக்கது. அது எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் எந்த டொமைனுக்காகக் கடவுச்சொல்லைச் சேமித்தீர்களோ, அதே டொமைனில் மட்டும்தான் அதை நிரப்பும். வழக்கமாகத் தானே நிரப்பும் செயலி ஒரு பக்கத்தில் பேசாமல் இருந்தால், கடவுச்சொல்லைத் தேடி எடுத்து நீங்களே தட்டச்சு செய்யாதீர்கள். முகவரியை மறுபடி பாருங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக வந்திருக்கும் பாஸ்கீ என்ற புதிய முறையும், யுஎஸ்பி வடிவில் கிடைக்கும் பாதுகாப்புச் சாவியும் இதே அடிப்படையில் இயங்குகின்றன. கூகுள் 2017இல் தன் ஊழியர்கள் 85,000க்கும் மேற்பட்டோருக்கு அத்தகைய சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு, வேலை தொடர்பான கணக்கு ஒன்றுகூட ஃபிஷிங் எனப்படும் இந்தத் தூண்டில் மோசடியில் பறிபோனதாக உறுதியாகவில்லை என்று 2018இல் தெரிவித்தது. ஓடிபிக்கு இந்த வலிமை இல்லை. போலிப் பக்கத்தில் நாம் இடும் ஓடிபியை அடுத்த நொடியே உண்மையான தளத்தில் இட்டு உள்ளே நுழைந்துவிடும் கருவிகள் வந்துவிட்டன.

முகவரி முற்றிலும் சரியாக இருந்தும் ஏமாந்த நிகழ்வு ஒன்றும் இருக்கிறது. 2017 மே 3ஆம் தேதி, தெரிந்தவர் ஒருவர் உங்களுடன் ஓர் ஆவணத்தைப் பகிர்ந்திருக்கிறார் என்ற மின்னஞ்சல் பலருக்கு வந்தது. அதைத் திறந்தால் போய் நிற்பது கூகுளின் உண்மையான பக்கத்தில். அங்கே 'கூகுள் டாக்ஸ்' என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்ட ஒரு வெளியார் செயலி, உங்கள் மின்னஞ்சல்களைப் படிக்கவும் அனுப்பவும் நீக்கவும் தொடர்புப் பட்டியலைக் கையாளவும் அனுமதி கேட்டது. கடவுச்சொல்லை அது கேட்கவே இல்லை. அனுமதி கொடுத்தவர்களின் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் அதே கடிதம் போயிற்று. கூகுள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதை நிறுத்தியது. ஓர் ஆவணத்தைப் படிப்பதற்கு என் எல்லா மின்னஞ்சல்களையும் நீக்கும் உரிமை எதற்கு என்ற கேள்வி மட்டும்தான் அன்று காப்பாற்றியிருக்கும். லிங்கே இல்லாத கடிதங்களும் இந்த வரிசையில் சேரும். லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசவுஸ்காஸ், தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் என்ற நிறுவனத்தின் பெயரில் விலைப்பட்டியல்களை அனுப்பி, கூகுள், ஃபேஸ்புக் இரண்டிடமிருந்தும் 10 கோடி டாலருக்கு மேல் தன் கணக்குகளுக்கு வரவழைத்தார். 2019 டிசம்பரில் அவருக்கு ஐந்தாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. நம் ஊர்ச் சிறு நிறுவனங்களில் கணக்கு எழுதுபவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். வழக்கமாகச் சரக்கு அனுப்புபவர் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று எழுதினால், அந்தக் கடிதத்திலுள்ள எண்ணை விட்டுவிட்டு, பழைய பில்லிலுள்ள எண்ணுக்கு ஒரு முறை அழைத்துக் கேட்டுவிட்டுத்தான் பணம் அனுப்ப வேண்டும்.

பொறுப்பு முழுவதையும் படிப்பவர் தலையில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. நான் கணக்கு வைத்திருக்கும் ஒரு வங்கி, ஒரு பக்கம் 'அறியாத லிங்கைத் தொடாதீர்கள்' என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, அதே வாரத்தில் சுருக்கப்பட்ட ஒரு லிங்கில் கடன் சலுகையை அனுப்பியது. அந்த லிங்கின் முகவரியில் வங்கியின் பெயரே இல்லை. இப்படிப்பட்ட உண்மையான கடிதங்கள்தான் போலிக் கடிதத்தைத் தொடுவதற்கு மக்களைப் பழக்குகின்றன. சிங்கப்பூர் இதில் தெளிவான ஒரு முடிவை எடுத்தது. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் பணத்தை இழந்த பிறகு, 2022 ஜனவரியில் அந்நாட்டு நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும், சாதாரண வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் குறுஞ்செய்தியிலும் மின்னஞ்சலிலும் தொட்டால் திறக்கும் லிங்குகளை வங்கிகள் நீக்கிவிட வேண்டும் என்று அறிவித்தன. வங்கி லிங்க் அனுப்பாது என்பது ஊரறிந்த விதியாகிவிட்டால், லிங்க் இருப்பதே போலிக்கு அடையாளமாகிவிடும். இந்தியாவிலும் இதைக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, 'பேங்க்.இன்' அதற்குப் பாதி தூரம்தான்.

இணைக்கப்பட்டு வரும் கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று வாட்ஸ்அப்பில் மிகுதியாக வருவது 'ஏபிகே' என்று முடியும் கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு கைபேசியில் ஒரு செயலியை நிறுவும் கோப்பு. போக்குவரத்து அபராதச் சீட்டு என்றோ, திருமண அழைப்பிதழ் என்றோ பெயர் வைத்து வரும். அனுப்பியவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவராகவே இருப்பார், ஏனென்றால் அவருடைய கைபேசி ஏற்கெனவே அவர்கள் வசமாகியிருக்கும். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். அது ஒரு செயலியாக வர வேண்டிய அவசியமே இல்லை. நிறுவிவிட்டால் அது கேட்கும் முதல் அனுமதி குறுஞ்செய்திகளைப் படிப்பதற்காக இருக்கும், அதன் வழியே ஓடிபி எல்லாம் போய்விடும். அபராதம் உண்மையா என்று பார்க்க விரும்பினால், 'பரிவாஹன்.கவ்.இன்' என்ற அரசுத் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தொட்டாகிவிட்டது, விவரங்களையும் கொடுத்தாகிவிட்டது என்றால், வெட்கப்பட்டு மறைப்பதற்கு அது நேரமல்ல. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும், 'சைபர்கிரைம்.கவ்.இன்' தளத்திலும் புகாரைப் பதிய வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே முடக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு உண்டு, அதனால் முதல் சில மணி நேரம் மிக மிக முக்கியம். அதோடு வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். 2017 ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கியோ வாடிக்கையாளரோ காரணமில்லாத மூன்றாம் தரப்பு மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு எதுவும் இல்லை என்றது. வாடிக்கையாளரே விவரத்தைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது, தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியுடையது என்றது. எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரிவித்த நேரமே கணக்கு. கடவுச்சொல் மட்டும் போயிருந்தால், வேறொரு கருவியிலிருந்து அதை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்திவிட்டு, நம் மின்னஞ்சல்கள் வேறு முகவரிக்குத் தானாகப் போகும்படி ஏதாவது விதி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று அமைப்புகளுக்குள் சென்று பார்க்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் அந்த விதி அப்படியே நீடிக்கும். போலிச் செய்தியை ஆத்திரத்தில் அழித்துவிட வேண்டாம். முகவரி முழுதாகத் தெரியும்படி அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரிவர்த்தனை எண், பணம் போன நேரம் ஆகிய இரண்டையும் 1930இல் கேட்பார்கள். அழைப்பதற்கு முன் அவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.